சொற்போர் நடுவர்க்கு ஒரு சொல்

ஒருவர் பெற்றது 243; மற்றவர் பெற்றது 242½. அரை மதிப்பெண் வேறுபாட்டில் ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். அவை கைதட்டிற்று. வென்றவர்க்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. நடுவர் மூவரும் மேடையில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டனர். அம்மூவருள் நாமும் ஒருவர். அந்த அரை மதிப்பெண் நம் பேனாவிலிருந்து பிறந்தது. அது தவறாகப் பிறந்தது. அதனை நம் மக்கள் எல்லாரும் படிக்கும் இம்மலரிலேயே ஒப்புக்கொள்வது முறை எனக் கருதுகிறோம். ஒப்புக்கொள்வதோடு நின்றுவிடவும் நாம் விரும்பவில்லை. தமிழ் விழா மேடைகளில் நடுவர் நாற்காலியில் அமர்வோர் பலரும் இதே தவற்றை ஆண்டுதோறும் செய்து, அதற்குப் பெருந்தன்மை என்றும் மொழிப்பற்று என்றும் பெயர் சூட்டி வருகின்றனர். அவர்களோடு ஒரு வழக்கு நமக்கு உண்டு.

நடந்தது கவியரங்கம் அன்று, பட்டிமன்றமும் அன்று. இளைஞர் 'ராப்' என வழங்கும் தாளப் பேச்சில் இருவர் எதிரெதிர் நின்று, ஒருவர் சொல்லை மற்றவர் சொல்லால் வெட்டும் போட்டி. ஆளுக்கு மூன்று சுற்று. சுற்றுக்கு இரண்டு நிமிடம். கருத்து, சந்தம், உச்சரிப்பு, மறுமொழி, மேடைத்தோற்றம் என ஐந்து தலைப்புகள். தலைப்புக்கு 20 வீதம் ஒரு நடுவர்க்கு 100, மூவர்க்கு 300. இறுதிப் போட்டிக்கு வந்த இருவர்க்கும் கொடுக்கப்பட்ட பொருள் 'விட்டு வந்த ஊரா, வாழும் ஊரா?' என்பது.

இந்நிகழ்ச்சியை நிரலில் சேர்த்தபோதே மூத்தோர் சிலர் முகம் சுளித்தனர். ஒருவரையொருவர் இழித்துப் பாடுவதும் ஒரு கலையா, இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டனர். அவர்க்கு முதலில் விடை கூறிவிட்டு மேலே செல்வோம். திருமலைராயன் அவையில் அதிமதுரகவியையும் அவரைச் சூழ்ந்த அறுபத்து நான்கு தண்டிகைப் புலவரையும் காளமேகம் தனி ஒருவராக எதிர்த்து நின்ற கதை நம் பாட்டிமார்க்கும் தெரிந்ததே. கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே கட்டிய உறியில் அமர்ந்து, உடம்பைச் சுற்றிக் கத்திகளைக் கட்டிக்கொண்டு, கேட்டவர் கேட்ட பொருளில் கேட்ட நொடியில் பாடும் யமகண்டம் என்னும் போட்டி அது. எதிரியை மடக்க அவர் கையாண்ட கருவிகள் சிலேடையும் வசையும். இன்றைய இளைஞர் கையாளும் கருவிகளும் அவையே. அவ்வவையும் அரசனும் நடுநிலை தவறியமையால் புலவர் வசை பாட, ஊர்மேல் மண்மாரி பொழிந்தது என்று கதை முடிகிறது. திருமலைராயன்பட்டினம் இன்றும் காரைக்காலுக்கு அருகே நலமாகவே இருக்கிறது. ஆகவே மண்மாரிக்கு நாம் பிணை நிற்க இயலாது. ஆனால் அக்கதையைக் கட்டியவர் யாவராயினும், தோற்ற புலவன்மீது அவர் பழி போடவில்லை, நடுநிலை தவறிய அவையின்மீதே போட்டார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இன்னும் நெருங்கிய சான்று வேண்டுமாயின் தஞ்சைப் பகுதியின் லாவணியைக் கூறலாம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தஞ்சையில் தொடங்கிய மராட்டியர் ஆட்சியோடு வந்த கலை அது. மராட்டியத்தில் துரா என்றும் கல்கி என்றும் இரு கட்சிகள், சிவமா சக்தியா உயர்வு என்று பாடி வாதிடும். நம் காவிரிக் கரையில் அது காமன் பண்டிகையோடு கலந்து வேறு வடிவம் கொண்டது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்பதே கேள்வி. எரிந்த கட்சி ஒருபுறம், எரியாத கட்சி மறுபுறம். கையில் 'டேப்பு' என்னும் தோற்கருவி. எரிந்தான், சாம்பலானான் என்று ஒருவர் பாடுவார். சாம்பலானவன் இரதியின் கண்ணுக்கு மட்டும் எங்ஙனம் தெரிந்தான் என்று மற்றவர் மடக்குவார். கேள்வியைக் கேள்வியாலும், புராணத்தைப் புராணத்தாலும் வெட்டி விடிய விடியப் பாடுவர். இராகம் நன்றாக இருந்தது, குரல் கணீரென்று இருந்தது என்பதற்காக அங்கே எவரும் வென்றதில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நின்றவர் தோற்றவர். கிராமத்து மக்கள், மதிப்பெண் தாள் இன்றி, இந்த ஒற்றை அளவுகோலைக் கொண்டே தீர்ப்புச் செய்தனர். அவ்வளவுகோலை நம் போன்ற படித்த நடுவர்கள் தொலைத்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

ராப் என்பதும் தன் பிறந்த மண்ணில் இதே பாடத்தைத்தான் கற்றது. 1981 டிசம்பரில், நியூயார்க்கின் ஹார்லெம் வர்ல்ட் என்னும் அரங்கில், பிஸி பீ என்பாரும் கூல் மோ டீ என்பாரும் மோதிய நிகழ்ச்சியை அத்துறையினர் இன்றும் எடுத்துப் பேசுவர். பிஸி பீ கூட்டத்தைக் கிளர்ச்சியூட்டுவதில் வல்லவர். அவர் ஒன்று சொல்லக் கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். சிரிப்பும் ஆரவாரமுமாக அரங்கு அதிரும். பின்னால் வந்த கூல் மோ டீ கூட்டத்தை விட்டுவிட்டு, எதிரியின் பாட்டையும் பழக்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அடுக்கிய சொற்களால் அறுத்தார். ஒருவர் பாணி அவையை நோக்கியது. மற்றவர் பாணி எதிரியை நோக்கியது. அவ்விரவுக்குப் பின் அக்கலையின் போக்கே மாறிற்று என்பர். தமிழில் 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாட்டாலும், 2006-இல் மலேசியாவின் யோகி பி குழுவினரது 'வல்லவன்' இசைத்தொகுப்பாலும் இக்கலை நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டது. இனி வாயிலில் நிறுத்தி விசாரித்துப் பயன் இல்லை.

இனி நம் மேடைக்கு வருவோம்.

முதலில் பாடிய இளைஞர், தந்தையின் பணி மாற்றத்தால் அண்மையில் கேரளம் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். எதுகையும் மோனையும் அவர் நாவில் ஏவல் செய்தன. ழகரம் ழகரமாகவும் ணகரம் ணகரமாகவும் விழுந்தன. மூச்சு விடும் இடமே தெரியாமல் இரண்டு நிமிடமும் அருவி போல் கொட்டினார். விட்டு வந்த ஊரின் ஆறு, கோயில், தேர், திருவிழா என்று அடுக்க அடுக்க, நம் மக்கள் கண் கலங்கினர். நாமும் கலங்கினோம், மறைப்பானேன்?

எதிரே நின்றவர் திருப்புறத்துப் பெண். கல்லூரியில் முதலாண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என வளர்ந்தவர். அவர் பாணி முற்றிலும் வேறு. விரைவு இல்லை, இடையிடையே நிறுத்தம், நிறுத்திய இடத்தில் எதிரியை ஒரு பார்வை. இப்பகுதிக் கோயில் கொடைகளில் வில்லும் குடமும் உடுக்கையுமாக, தலைமைப் பாடகர் கதையை ஓரிடத்தில் நிறுத்த, உடன் பாடுவோர் 'ஆமா' போட்டு எடுத்துக் கொடுக்கும் வில்லுப்பாட்டின் நடை அது. மலையாளிகள் வில்லடிச்சான்பாட்டு என வழங்குவதும் இதனையே. அந்நடையை யாரும் அவர்க்குக் கற்பித்திருக்க மாட்டார்கள். காதில் விழுந்து தங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் எதிரியை 'அண்ணா' என்று மரியாதையாக விளித்துக்கொண்டது கேட்போர்க்குத் தனிச் சுவையாக இருந்தது.

முதற் சுற்றில் இளைஞர், எல்லை தாண்டி வந்து மொழியை இழந்தவர் நீங்கள் என்று குத்தினார். அதற்கு அப்பெண் தந்த விடையை நாம் இன்றும் மறக்கவில்லை. அவர் பாட்டி ஒரே வீட்டில் இருந்தபடியே மூன்று நாட்டில் வாழ்ந்தாராம்: பிறந்தது திருவிதாங்கூரில், பள்ளிக்குப் போனது திருவிதாங்கூர்-கொச்சியில், மணம் முடித்தது கேரளத்தில், வாசற்படி மட்டும் நகரவே இல்லை, இதில் எல்லை தாண்டியது யார் அண்ணா என்று கேட்டார். 1949-இல் இரு சமஸ்தானங்கள் இணைந்ததும், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றதும் ஆகிய வரலாறு முழுவதும் அவ்வொரு கேள்வியில் அடங்கிவிட்டது. இதே வரலாற்றை நாம் இம்மலரில் முன்னர்ப் பல பக்கங்களில் எழுதியிருக்கிறோம். அவற்றை எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் சுற்றில் அப்பெண் நேராக ஒரு கேள்வி போட்டார். நீங்கள் பாடும் ஊரில் உங்கள் வீட்டுக் கிணறு எத்திசையில் இருக்கிறது, சொல்லுங்கள் அண்ணா என்றார். ஊரைப் பாடுகிறவர் ஊரை அறிவாரா, ஊரைப் பற்றிய பாட்டை மட்டும் அறிவாரா என்பது அதன் உட்பொருள். அவை சிரித்து ஓய்ந்தது. மூன்றாம் சுற்றில் இளைஞர் பாடியது முன்னிரண்டையும் விஞ்சிய சந்தம். ஆனால் அதில் கிணறு இல்லை, திசையும் இல்லை. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்ததை எழுதியபடியே பாடி முடித்தார். லாவணி அரங்காக இருந்திருப்பின், அந்த நொடியில் கிராமத்தார் எழுந்து துண்டை உதறிப் போட்டிருப்பர்.

நாம் என்ன செய்தோம்? மறுமொழி என்னும் தலைப்பில் அப்பெண்ணுக்கு 18, இளைஞர்க்கு 15 இட்டோம். அதுவரை நேர்மை. உச்சரிப்பு என்னும் தலைப்பில் இளைஞர்க்கு 19 இட்டு, அப்பெண்ணுக்கு 14½ இட்டோம். 'பறைஞ்சு' என்றார், கழித்தோம். 'ஓர்மை' என்றார், கழித்தோம். தண்ணீருக்கு 'வெள்ளம்' என்றார்; மீண்டும் கழித்தோம். மூன்று மதிப்பெண்ணால் அவர் பெற்ற முன்னிலையை நாலரை மதிப்பெண்ணால் பறித்தோம். 14½ என்பது 15½ ஆக இருந்திருப்பின் பொன்னாடை மறுதோளில் விழுந்திருக்கும்.

இதற்குள் இன்னொரு காரணமும் ஒளிந்திருந்தது. நாமும் திருப்புறத்தில் வாழ்பவர். நம் ஊர்ப் பெண்ணுக்கு நாம் சாய்ந்தோம் என்று பிறர் சொல்லிவிடுவரோ என்னும் அச்சம் நம் கையைப் பிடித்தது. தன் பக்கத்துக்குச் சாய்வது மட்டுமே நடுநிலை தவறுதல் என்று உலகம் எண்ணுகிறது. பழிக்கு அஞ்சி எதிர்ப் பக்கத்துக்குச் சாய்வதும் அதே தவறுதான். அதை யாரும் கண்டுபிடிப்பதில்லை என்பதால் இன்னும் கொடியது.

உச்சரிப்பைப் பற்றிச் சற்று விரித்தே கூற வேண்டும். ஏனெனில் நம் குடும்பங்களின் பிள்ளைகள் ஒவ்வொரு மேடையிலும் இத்தலைப்பில்தான் வீழ்கின்றனர். 'பறை' என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியே தருகிறது. 'வெள்ளம்' நம் எல்லைக்கு இப்பால் மட்டுமன்று, அப்பால் குமரி மாவட்டத்திலும் தண்ணீருக்கு வழங்கும் சொல். அப்பெண் பேசியது மலையாளம் கலந்த தமிழ் என்று நாம் கருதினோம். நாம் கழித்தவற்றுள் தமிழ் அல்லாத சொல் எது என்று இன்று நம்மைக் கேட்டால் விடை இல்லை. செய்யுளுக்கு உரிய சொற்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் ஒரு வகையாக ஏற்றார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தாரின் வழக்கு அது. அப்பன்னிரண்டையும் எண்ணும் பழைய வெண்பா ஒன்று வேணாட்டையும் சேர்த்தே எண்ணுகிறது. வேணாடு என்பது எது? நாம் வாழும் இம்மண்ணை உள்ளடக்கியதே. தொல்காப்பியரும் உரைகாரரும் செய்யுளுக்குள் இடம் கொடுத்த சொல்லை, மைய அரசின் எழுத்தர் ஒருவர் மதிப்பெண் தாளில் கழித்தார் என்றால் நகைப்புக்கு இடம் உண்டு அல்லவா?

உச்சரிப்பே வேண்டா என்று நாம் கூறவில்லை. சொல் கேட்போர்க்கு விளங்காமல் தேய்ந்தால், மூச்சு முட்டி அடி விழுங்கப்பட்டால் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் தெளிவு வேறு, வட்டார வழக்கு வேறு. மதுரை வழக்கு மதிப்பெண் பெறும், நெய்யாற்றின்கரை வழக்கு மதிப்பெண் இழக்கும் என்றால், அத்தாள் பாட்டை அளக்கவில்லை. பிறந்த இடத்தை அளக்கிறது. தம் பிள்ளைகள் தமிழை விட்டுவிடுகின்றனரே என்று சங்கக் கூட்டந்தோறும் வருந்தும் நாமே, தமிழில் எதிரியை மடக்கிய பெண்ணை, உன் தமிழ் தமிழ் அன்று என்று கூறி மேடையிலிருந்து இறக்கினோம். அடுத்த ஆண்டு அவர் மலையாள மேடைக்குப் போய்விட்டால் யாரை நோவது?

தவறு நம் தாளோடு முடியவில்லை. நெருங்கிய போட்டி என்றவுடன் நடுவர்கள் ஓடி ஒளியும் இடங்கள் சில உண்டு. முதலாவது கைதட்டல். அவை எதற்கு மிகுதியாக ஆர்ப்பரித்ததோ அதற்கே பரிசு என்பர். உறவினர் எண்ணிக்கைக்குப் பரிசு என்று நேராகவே சொல்லிவிடலாம். கைதட்டலுக்கு இன்னொரு குறையும் உண்டு. விரைந்த சந்தம் முடியும் இடத்தில் கை தானாகத் தட்டும். நின்று தைக்கும் கேள்விக்கு அவை முதலில் அமைதியாகும், பிறகே சிரிக்கும். இரு வேறு பாணிகளை ஒரே ஓசையால் அளந்தால் ஓசை மிகுந்த பாணியே என்றும் வெல்லும்.

இரண்டாவது ஒளிவிடம் 'இருவரும் வென்றனர்' என்னும் மழுப்பல். இந்நோய் பட்டிமன்றத்திலிருந்து தொற்றியது. பட்டிமண்டபம் என்னும் சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் உள்ளது; மணிமேகலையில் அது சமயவாதிகள் ஏறி வாதிடும் இடம். வாதில் தோற்றவர் தோற்றவரே. 1939-இல் சா. கணேசனார் நிறுவிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடைகளும், குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக அமர்ந்த மேடைகளும் இக்கலைக்குப் புத்துயிர் அளித்தன. ஆனால் இன்று பண்டிகை நாள் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, இரு கட்சியும் ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்திய பிறகு, இரண்டும் வேண்டும், அன்பே வேண்டும் என்று கூறி ஒரு சிரிப்புத் துணுக்கோடு மேடையை முடித்துவிடுகின்றனர். அன்பு வேண்டும் என்பதை யார் மறுத்தார்? அதற்கு நடுவர் எதற்கு? தோல்வியை ஏற்கும் வலிமை இளைஞர்க்கு உண்டு. தீர்ப்பைச் சொல்லும் வலிமைதான் பெரியவர்களுக்கு இல்லை.

மூன்றாவதாக ஓர் ஒளிவிடத்தை உடன் அமர்ந்த நடுவர் ஒருவரே நமக்குக் காட்டினார். முடிவு அறிவிக்கப்பட்ட பின் நாம் அவரிடம் மனக்குறையைச் சொன்னபோது, 'உருத்திரசன்மன் கதை தெரியாதா? உள்ளம் உருகிய பக்கம் தீர்ப்பு, காரணம் எதற்கு?' என்றார். இறையனார் அகப்பொருளுக்குச் சங்கப் புலவர் உரை கண்டு, யாருடைய உரை மெய்யுரை என்று மாறுபட்டபோது, ஐந்து வயதுடைய மூங்கைச் சிறுவன் உருத்திரசன்மன் நடுவனாக அமர்த்தப்பட்டான். மருதன் இளநாகனார் உரைத்தபோது சில இடங்களிலும், நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான், அதுவே தீர்ப்பாயிற்று. அருமையான கதை. ஆனால் அச்சிறுவன் குமார சுவாமியின் அவதாரம் என்று கதையே கூறுகிறது. நாமோ பத்து மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்திடும் மனிதர். நம் மயிர்க்கூச்சு ஊர்ப் பாசத்துக்கும் வரும், பழைய திரைப்பாட்டுக்கும் வரும். மேலும், கதையைக் கூர்ந்து படித்தால், அச்சிறுவனும் ஒரு பேரொலிக்கு ஒருமுறை சிலிர்த்துத் தீர்ப்புச் செய்யவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே கேட்டிருக்கிறான்.

கிரேக்க நாட்டு அரிஸ்டோபனீஸ் கி.மு. 405-இல் அரங்கேற்றிய 'தவளைகள்' நாடகத்திலும் இத்தகைய நடுவர் ஒருவர் வருகிறார். இறந்த நாடகப் புலவர்களுள் ஒருவரை மீட்டு வரக் கீழுலகு சென்ற தயோனீசஸ் என்னும் தெய்வம், ஈஸ்கிலசுக்கும் யூரிபிடீசுக்கும் நடக்கும் வாதில் நடுவராகிறது. முன்னவர் நடை கனத்த சொல்லடுக்கு. பின்னவர் நடை எளிய பேச்சும் கூரிய தருக்கமும். முடிவு காண இயலாமல், இருவர் அடிகளையும் தராசில் இட்டு நிறுத்துப் பார்க்கின்றனர். தேரும் பிணமும் சாவும் நிறைந்த ஈஸ்கிலசின் அடிகளே ஒவ்வொரு முறையும் கனத்துத் தாழ்கின்றன. நகைச்சுவைக்காக எழுதிய காட்சி அது. நாமோ அத்தராசையே ஐந்து தலைப்புகளாகப் பிரித்து, அரை மதிப்பெண் வரை நிறுத்து, அதனை அறிவியல் முறை என்று நம்புகிறோம். அந்தத் தெய்வமாவது, தராசுக்குப் பின்னும் மனம் தெளியாமல், தவிக்கும் நகரத்துக்கு உங்கள் அறிவுரை என்ன என்று இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டது. இறுதியில் மனம் விரும்பியவரையே தேர்ந்தது என்பது வேறு கதை.

அப்படியானால் முடிவு காண்பது எங்ஙனம்? பாணியை அளக்க முயலாமல் போரை அளக்க வேண்டும் என்பது நம் துணிபு. சந்தம் சிறந்ததா, கதை நடை சிறந்ததா என்று கேட்டால் உலகம் அழியும் வரை விடை வராது, வரவும் வேண்டா. எதிரி சொன்னதை இவர் கேட்டாரா, கேட்டதற்கு விடை தந்தாரா, தந்த விடைக்கு எதிரி மறுவிடை தந்தாரா என்று கேட்டால் விடை வரும். இரண்டு பாணிக்கும் பொதுவான தரை அது ஒன்றே. மனப்பாடம் செய்த அழகிய பாட்டுக்குக் கவியரங்கம் இருக்கிறது. அங்கே அவ்விளைஞர் முதற்பரிசு பெறட்டும், நாமே முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுவோம். எதிரில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு, அந்த ஆள் இல்லாவிடினும் இதே பாட்டைத்தான் பாடியிருப்பேன் என்றால் அது போர் ஆகாது. மறுமொழி என்பது ஐந்தில் ஒன்றாக 20 மதிப்பெண்ணோடு ஒதுங்கி நிற்கும் வரை, எழுதி வந்தவரே வெல்வார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதில் சிறிது உண்மையும் உண்டு. மறுமொழிக்கே முதலிடம் என்றால், பண்பட்ட சொல்லாட்சி போய் வாய்த்துடுக்கு மேடையேறும் என்பர். துடுக்கு வேறு, விடை வேறு. கேள்விக்குத் தொடர்பில்லாத ஏளனம் விடை ஆகாது. எதிரியின் சாதியையோ நிறத்தையோ பெற்றோரையோ இழுப்பது விடை தெரியாதவர் செயல். அதற்கு மதிப்பெண் கழிப்பதோடு மேடையிலிருந்தே இறக்கிவிடலாம். ஆனால் எப்போட்டியும் முதல் மேடையிலேயே நாகரிகம் கற்றுவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பிறர் எங்ஙனம் செய்கின்றனர் என்று பார்ப்பதில் இழுக்கு இல்லை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் 2005-இல் தொடங்கிய ரெட் புல் நிறுவனத்தின் ராப் போட்டி ஒன்று உண்டு; அதன் முதற்பெயரே 'சேவற்போர்' எனப் பொருள்பட்டது. அங்கே நடுவர்க்கு மூன்று வழி: இவர், அவர், அல்லது 'ரெப்ளிக்கா'. மூன்றாவதைச் சொன்னால் இருவரும் அவ்விடத்திலேயே மீண்டும் மோத வேண்டும். ஐயத்தைக் கணக்கில் மறைக்காமல் மேடையிலேயே தீர்க்கும் முறை இது. நம் மக்கள் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவில் 2008-இல் தொடங்கிய 'கிங் ஆஃப் தி டாட்' மேடையில், நடுவர் வைத்து நடந்த போட்டிகளில் ஒவ்வொருவரும் முன்வந்து, யாருக்கு என் வாக்கு, ஏன் என்று எல்லார் முன்னும் கூறுவது வழக்கம். 2009-இல் நியூயார்க்கில் தோன்றிய 'அல்டிமேட் ராப் லீக்' பெரும்பாலும் நடுவரே இல்லாமல் நடத்திக் கேட்போர் விவாதத்துக்கு விட்டுவிடுகிறது. அதுவும் ஒரு நேர்மை. தீர்ப்புச் சொல்லத் துணிவு இல்லை எனில் நாற்காலியையே எடுத்துவிடலாம்.

காரணம் கூறுவது நமக்கு அயலான பழக்கமும் அன்று. இம்மலரைப் படிப்போருள் பாதிப்பேர் அரசு அலுவலகங்களில் கோப்பு எழுதுவோர். கீழ்நிலை ஊழியர் ஒருவரின் விண்ணப்பத்தை மறுக்க வேண்டுமாயினும் ஏன் மறுக்கிறோம் என்று குறிப்பில் எழுதியாக வேண்டும். காரணம் இல்லாத ஆணை மேல்முறையீட்டில் நில்லாது. அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்புக்குக் காட்டும் இந்த ஒழுங்கை, மேடையில் ஓர் இளம்பெண்ணின் ஓராண்டு உழைப்புக்கு நாம் காட்டவில்லை. அன்று நம் தாளில் 14½ என்பதற்கு எதிரே 'ஏன்' என்று ஒரு கட்டம் இருந்திருப்பின், 'பறைஞ்சு என்றார்' என்று எழுத நம் கை கூசியிருக்கும். கூசியிருந்தால் அந்த எண் மாறியிருக்கும்.

முடிவு அறிவிக்கப்பட்ட மாலையில், அப்பெண் நடுவர் மேசைக்கு வந்தார். மாமா, எனக்கு எதில் குறைந்தது என்று கேட்டார். உச்சரிப்பில் என்றோம். சரி மாமா என்று கூறிச் சென்றுவிட்டார். அவர் வாதிட்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

சங்கச் செயற்குழுவுக்கு மூன்று கோரிக்கைகளை நாம் எழுத்து மூலமாக அனுப்பியுள்ளோம். சொற்போர்த் தாளில் மறுமொழிக்குப் பாதி மதிப்பெண் தருக; உச்சரிப்பு என்னும் சொல்லை நீக்கித் தெளிவு என்று இடுக. வேறுபாடு ஐந்து மதிப்பெண்ணுக்குள் வரின் இருவரையும் இன்னொரு சுற்று, அங்கேயே கொடுக்கும் பொருளில் பாடச் செய்க. அதன் பின் நடுவர் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தம் தீர்ப்பையும் காரணத்தையும் அவையில் கூறுக. செலவு ஏதும் இல்லாத கோரிக்கைகள். ஆயினும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றன. வரும் ஆண்டுப் போட்டிக்கும் நம்மை நடுவராக இருக்கும்படி செயலாளர் அன்போடு கேட்டிருக்கிறார். இம்மூன்றும் ஏற்கப்பட்டாலன்றி அந்நாற்காலியில் அமர்வதாக இல்லை என்று அவர்க்கு விடை எழுதியுள்ளோம். சென்ற ஆண்டு முடிவை இனி மாற்ற இயலாது எனினும், அப்பெண்ணின் பெயரை இறுதிப் போட்டியில் இணையாக நின்றவர் என்று ஆண்டறிக்கையில் பதியுமாறும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறோம்.